வீடு முழுக்க மஞ்சள், மகள் மட்டும் சிவப்பு: ஒன்பது வயதுக்காரியோடு கிரிக்கெட் பார்ப்பது எப்படி?

பெரம்பூர்_அப்பா (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. மகளுக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. வீட்டில் தாத்தா, சித்தப்பா, அத்தை எல்லோரும் சிஎஸ்கே (மஞ்சள் சட்டை சென்னை அணி). இவள் மட்டும் ஆர்சிபி (சிவப்புச் சட்டை பெங்களூரு அணி). 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்திலேயே ஆர்சிபி 50 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது இல்லையா, 2008க்குப் பிறகு இங்கே அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி, அன்றிலிருந்து பிடிவாதமாக அந்தப் பக்கம் நிற்கிறாள்.

போன வருடம் வரை சிக்ஸர் வந்தால் குதிப்பாள், மற்ற நேரம் படம் வரைவாள். இப்போது "இவருக்கு ஏன் இந்த ஓவர் குடுக்கறாங்க?", "நெட் ரன் ரேட்னா என்னப்பா?" என்று கேட்கிறாள். மடியில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை தனக்கென்று ஓர் அணியையும் கருத்தையும் வைத்துக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தால் மனசு நிறைகிறது. இந்த ஆர்வத்தைச் சரியாக வளர்க்க வேண்டும், நானே பாடம் எடுத்துக் கெடுத்துவிடக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது.

கேட்க நினைப்பவை இவைதான். ஆட்டத்தை உள்ளே போய்ப் புரிந்துகொள்ள இந்த வயதில் என்ன சொல்லித் தரலாம்? முதல் முறை மைதானத்துக்குக் கூட்டிப் போவது ஐபிஎல் ராத்திரி மேட்ச்சாக இருக்கலாமா? அவள் அணி தோற்றால் அழுகிறாள், வீட்டில் கிண்டல் வேறு நடக்கிறது, அதை எப்படிக் கையாள்வது? தெரு கிரிக்கெட் ஆடுகிறாள், பேட் வாங்கிக் கேட்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

மயிலை_ஸ்கோரர்

ஒரு ஸ்கோர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். வாயால் விளக்கம் சொன்னால் அது உங்கள் கிரிக்கெட், அவள் கையால் எழுதினால் அவள் கிரிக்கெட். விளையாட்டுச் சாமான் கடைகளில் ஸ்கோர் புத்தகம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கோடு போடாத லாங் சைஸ் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுங்கள். பென்சில், அழிரப்பர், நாலைந்து கலர் பென்சில் போதும். பேனா வேண்டாம், முதல் பக்கத்திலேயே அடித்தல் திருத்தல் வந்தால் குழந்தைக்குப் புத்தகத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

நேரலையில் தொடங்காதீர்கள். பழைய மேட்ச்சின் முழு ரீப்ளேயைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதப் பழக்குங்கள். பெண் குழந்தை என்பதால் 2025 நவம்பர் 2, நவி மும்பை மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைச் சொல்வேன். இந்தியா 298/7, தென்னாப்பிரிக்கா 45.3 ஓவரில் 246. ஷஃபாலி வர்மா 87, தீப்தி சர்மா 58 ரன்னும் ஐந்து விக்கெட்டும். அச்சான ஸ்கோர்கார்டு இருக்கிறது, அவள் எழுதியதை அதோடு வைத்துச் சரிபார்க்கலாம். முழு ஐம்பது ஓவரும் வேண்டாம். முதல் நாள் ஆறு ஓவர், அவ்வளவுதான்.

பேட்டிங் பக்கம், பௌலிங் பக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் திணறுவாள். முதலில் பௌலிங் பக்கம் மட்டும். ஓர் ஓவருக்கு ஒரு கட்டம். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, ரன் வந்தால் எண், விக்கெட்டுக்கு W, வைடுக்கு (பேட்டருக்கு எட்டாமல் போகும் பந்து) கூட்டல் குறி, நோ-பாலுக்கு (விதி மீறிப் போட்ட பந்து) வட்டம், பேட்டில் ரன் வந்திருந்தால் அந்த வட்டத்துக்குள் எண். பைக்கு (பேட்டிலும் உடம்பிலும் படாத பந்தில் ஓடிய ரன்) முக்கோணம், லெக்-பைக்கு (பேட்டில் படாமல் உடம்பில் பட்ட பந்தில் ஓடிய ரன்) தலைகீழ் முக்கோணம், ஓடிய ரன்னை உள்ளே எழுத வேண்டும்.

ஓர் ஓவரை எடுத்துக்கொள்வோம்: 1, புள்ளி, 4, வைடு, லெக்-பை ஒன்று, விக்கெட், 2. போட்ட பந்து ஏழு, வைடு சேராததால் கணக்கில் ஆறு. பேட்டர்கள் அடித்தது 1+4+2 = 7. உதிரி ரன் வைடு 1, லெக்-பை 1, ஆக 2. அணிக்கு 9. ஆனால் பௌலர் கணக்கில் 8தான், ஏனென்றால் வைடும் நோ-பாலும் பௌலர் தலையில் விழும், பையும் லெக்-பையும் விழாது. "ஒன்பது வந்துச்சே, இவருக்கு ஏன் எட்டு?" என்று அவளே கேட்பாள். அந்தக் கேள்வி வரும் வரை விளக்கம் சொல்லாமல் காத்திருங்கள்.

இன்னிங்ஸ் முடிந்ததும் இரண்டு வழியில் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டர்கள் ரன் + எல்லா உதிரியும் = மொத்தம். பௌலர்கள் கொடுத்த ரன் + பை + லெக்-பை = அதே மொத்தம். இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி. ஒரு ரன் உதைத்தால் பெரும்பாலும் லெக்-பையைப் பேட்டர் பேரில் எழுதியிருப்பாள், அல்லது நோ-பாலின் ஒரு ரன்னை விட்டிருப்பாள். அந்த ஒரு ரன்னைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள்!

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. வைடை ஒரு பந்தாக எண்ணுவது முதல் சறுக்கல். பேட்டர் சந்தித்த பந்துக் கணக்கில் வைடு சேராது, நோ-பால் சேரும், இது பெரியவர்களுக்கே குழப்பும். ரன் அவுட் பௌலருக்கு விக்கெட் ஆகாது. அப்புறம் ரீப்ளே. டிவியில் ரீப்ளேவைப் பார்த்துவிட்டுக் குனிந்தால் அடுத்த பந்து போயிருக்கும். நடுவர் கை காட்டியதும் எழுதிவிட வேண்டும், ரீப்ளே அப்புறம்தான். பந்து தரையில் பட்டு எல்லைக்குப் போனது என்று நமக்குத் தெரிந்தாலும் நடுவர் சைகை வரும் வரை பென்சில் நகரக் கூடாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பந்துக்குப் பந்து கவனம் தானாக வரும்.

கலர் பென்சில் எதற்கு என்றால், ஒவ்வொரு பௌலருக்கும் ஒரு நிறம். பேட்டர் பக்கத்தில் எந்தப் பௌலரை எவ்வளவு அடித்தார் என்று பார்த்ததும் தெரியும்.

"இவருக்கு ஏன் இந்த ஓவர்" என்ற கேள்விக்கு ஒரு சின்ன அட்டவணை போதும். டி20யில் ஒருவருக்கு நாலு ஓவர்தான். ஆகவே ஐந்து பௌலர் பெயருக்கு எதிரே நாலு நாலு கட்டம். ஓவர் முடிய முடியக் கட்டத்தை அடித்துக்கொண்டே வரட்டும். பவர்பிளே என்கிற முதல் ஆறு ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர், அதற்கப்புறம் ஐந்து பேர் வரை நிற்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பதினாலாவது ஓவர் வாக்கில், "பும்ராவுக்கு இன்னும் ரெண்டு இருக்கு, அதைக் கடைசிக்கு வெச்சிருக்காங்க" என்று அவளே சொல்ல ஆரம்பிப்பாள். தொடர்ந்து இரண்டு ஓவர் ஒருவரே போட முடியாது என்பதையும் சேர்த்தால் 17 முதல் 20 வரை யார் யார் என்று கணிக்கலாம். கணிப்பு தப்பினால் ஏன் தப்பியது என்று பேசுங்கள். சிக்ஸரைவிட இந்தப் பேச்சில் ருசி அதிகம்.

---

சேப்பாக்கம்_கேலரி

மைதானம் பத்தி நான் சொல்றேன். முதல் தடவையே ஐபிஎல் ராத்திரி மேட்ச் வேண்டாம்னுதான் சொல்வேன். குழந்தைக்கு அதுல மைதானம் தெரியாது, கூட்டம்தான் தெரியும்.

மாநில அணிகள் மோதற ரஞ்சிக் கோப்பை சீசன்ல சேப்பாக்கத்துல தமிழ்நாடு ஆடுதான்னு பாருங்க. பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. இப்போ சீசனை ரெண்டாப் பிரிச்சு அக்டோபர்–நவம்பர்ல பாதி, ஜனவரி–பிப்ரவரியில பாதி நடத்தறாங்க. எந்த கேட், எந்த ஸ்டாண்ட் திறந்திருக்குன்னு காவலர்கிட்ட கேட்டுப் போங்க. காலை 9:30க்கு ஆரம்பம், ரெண்டு மணி நேரத்துல லஞ்ச், அது நாற்பது நிமிஷம். அந்த முதல் செஷன் மட்டும் போதும். காலியான ஸ்டாண்ட்ல பந்து பேட்ல படற சத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சதுக்குக் கொஞ்சம் தள்ளி வந்து சேரும், கீப்பர் கத்தறது கேட்கும், ஃபீல்டர் ரெண்டடி நகர்ந்தா தெரியும். டிவியில பந்து போற இடம்தான் தெரியும், பந்து இல்லாத இடத்துல என்ன நடக்குதுன்னு இங்கதான் தெரியும். "எதிர்முனையில நிக்கிற பேட்டரை, அதான் நான்-ஸ்ட்ரைக்கரை, மட்டும் ஒரு ஓவர் பாரு"ன்னு சொல்லிப் பாருங்க.

அந்த மைதானத்தோட கதையும் சொல்லலாம். 1934 நவம்பர் 4, ரஞ்சியோட முதல் மேட்ச்சே இங்கதான், மெட்ராஸ்–மைசூர், ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு. 1952ல இந்தியாவோட முதல் டெஸ்ட் வெற்றி, இங்கிலாந்துக்கு எதிரா, வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட். 1986ல ஆஸ்திரேலியாவோட ரெண்டு அணி ரன்னும் சமமாகி டை ஆன டெஸ்ட், கடைசி ஓவர் அஞ்சாவது பந்துல மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. தாத்தா இருக்காரே, அவரையும் கூட்டிட்டுப் போங்க.

ரஞ்சிக்குப் பிறகு ஐபிஎல். முடிஞ்சா வார இறுதி 3:30 மேட்ச் எடுங்க, ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிச்சா முடிய பதினொன்றரை ஆகும். 3:30ல இருக்கிற சிக்கல் ஏப்ரல், மே வெயில். வெயில் மேற்கிலிருந்து வரும், அதனால மேற்குப் பக்க ஸ்டாண்ட்ல நிழல் சீக்கிரம் விழும். டிக்கெட் எடுக்கிறப்ப ஸ்டாண்ட் வரைபடத்தோட திசையையும் பாருங்க. 2025ல குறைஞ்ச விலை டிக்கெட்டே ரூ.1,700. குழந்தைக்கு எந்த வயசுல தனி டிக்கெட்ங்கறதை டிக்கெட் விதியில படிச்சுக்கோங்க, வாசல்ல போய்ப் பேச முடியாது.

சீட் விஷயம் முக்கியம். கீழ் வரிசைன்னா விலை குறைவு, ஆனா முன்னாடி எல்லாரும் எழுந்து நிப்பாங்க, கொடி ஆடும், 130 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒண்ணுமே தெரியாது. மேல் அடுக்கு நல்லது. அதுலயும் முதல் வரிசை வேண்டாம், தடுப்புக் கம்பி குழந்தை கண்ணுக்கு நேரா வரும். நாலாவது அஞ்சாவது வரிசை, படிக்கட்டை ஒட்டின ஓரம். பாத்ரூமுக்கு எழுந்து போகவும் வசதி.

பை, தண்ணி பாட்டில், பவர் பேங்க் எல்லாம் பெரும்பாலும் உள்ளே விடமாட்டாங்க. அந்த மேட்ச்சுக்கான தடைப் பட்டியலைப் பார்த்துட்டு, தேவையில்லாததை வீட்டிலயே வெச்சிடுங்க. ஸ்கோர் எழுத நோட்டு கொண்டுபோறதா இருந்தா சின்ன நோட்டு, மொட்டைப் பென்சில்.

போறதுக்கு சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கு. மெட்ரோன்னா அரசினர் தோட்டம் இறங்கி நடக்கணும். சில சீசன்ல மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவுல இலவசமாப் போக முடிஞ்சது, உங்க டிக்கெட்ல எழுதியிருக்கான்னு பாருங்க. திரும்பறப்பதான் கஷ்டம். பறக்கும் ரயில் பக்கம் இருக்குன்னு எல்லாரும் அங்கேயே முட்டுவாங்க, படிக்கட்டு குறுகல். கடைசி பந்து முடிஞ்சதும் எழுந்திருக்காதீங்க. இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் சீட்லயே இருங்க, பரிசளிப்பைப் பார்த்துட்டு நிதானமா இறங்கி மெட்ரோவுக்கு நடங்க. அன்னைக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு முன்னாடியே பார்த்து வெச்சுக்கோங்க.

உள்ளே போறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுங்க. ஞாபகத்துக்கு மட்டும் இல்ல, கூட்டத்துல கை விட்டுப்போனா அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தான்னு போலீஸ்கிட்ட காட்டறதுக்கு. முழங்கையின் உள்பக்கம் உங்க ரெண்டு பேர் போன் நம்பரையும் பால்பாயிண்ட் பேனாவுல எழுதிடுங்க, ஒரு போன் சார்ஜ் போனாலும் இன்னொண்ணு இருக்கும். "என்னைக் காணோம்னா என்னைத் தேடி நடக்காத, அங்கேயே நின்னு சீருடை போட்டவங்ககிட்ட கையைக் காட்டு"ன்னு ரெண்டு மூணு தடவை சொல்லிவிடுங்க.

சிவப்புச் சட்டை போட்டுட்டு வரட்டும், பயப்படாதீங்க. கிண்டல் இருக்கும், அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது. குடும்பமா வர்ற மேல் அடுக்குல உட்கார்ந்தா பக்கத்து சீட்டுக்காரங்களே பாப்கார்ன் குடுப்பாங்க.

---

இருபிள்ளை_அம்மா

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: காது. பக்கத்தில் விசில் ஊதினால் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்லும் அளவே 85. டெசிபெல் மூன்று கூடினால் தாங்கும் நேரம் பாதியாகும், கணக்குப் போட்டால் 100க்குக் கால் மணி நேரம்தான். குழந்தைகளுக்கான காதுமூடி, ஹெட்போன் மாதிரி இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். காதுக்குள் செருகும் பஞ்சு போதாது, சிறு காதில் சரியாக அடையாமல் நழுவும். வீட்டிலேயே இரண்டு மூன்று நாள் போட்டுப் பழக்கினால்தான் அங்கே கழற்றி எறிய மாட்டாள். மேட்ச் முழுக்கப் போட வேண்டாம், தோனி மாதிரி யாராவது இறங்கும்போதும் விக்கெட் விழும்போதும் கட்டாயம்.

ராத்திரி மேட்ச் என்றால் சாப்பாடு ஐந்தரை மணிக்கே வீட்டில் முடித்துவிடுங்கள், தயிர்சாதம் நல்லது. மைதானத்தில் விற்பதெல்லாம் உப்பும் இனிப்பும்தான், தாகம் கூடும். மறுநாள் பள்ளி இருந்தால் போகாதீர்கள்.

---

பெரம்பூர்_அப்பா

மூவருக்கும் மிக்க நன்றி. நோட்டில் கட்டம் போட்டாகிவிட்டது, லெக்-பை முக்கோணம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தோல்வியும் கிண்டலும் பற்றி யாராவது சொல்லுங்கள். நெட் ரன் ரேட்டும் பாக்கி இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற_பி.டி_வாத்தியார்

தம்பி, தோற்றதும் அழுவது தப்பில்லை. மூன்று மணி நேரம் மனசை ஒன்றில் வைத்த பிள்ளை அழத்தான் செய்யும். "இதுக்குப் போய் அழுவாங்களா" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரியவர்களும் அதே ஆட்டத்துக்குத்தான் டிவி ரிமோட்டைத் தூக்கி வீசுகிறார்கள், குழந்தைக்கு அது தெரியும்.

கிண்டலுக்கு ஒரு நேரம் வையுங்கள். டாஸிலிருந்து கடைசி பந்து வரை இருபக்கமும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். முடிந்ததும் கிண்டலும் முடிந்தது. தோற்ற பக்கத்தாரிடம் முதல் பத்து நிமிடம் ஆட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இதை அவளிடம் சொல்வதைவிட உங்கள் தம்பியிடமும் அப்பாவிடமும் தனியாகச் சொல்லுங்கள், மீறுவது எப்போதும் பெரியவர்கள்தான். அதே விதி சிஎஸ்கே தோற்கும்போது அவளுக்கும். 2025இல் சிஎஸ்கே பட்டியலில் கடைசி, ஆர்சிபி பதினெட்டாவது சீசனில் முதல் கோப்பை. அவளுக்குப் பேச நிறைய இருக்கும், அவளையும் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

தோற்ற அன்றைக்கும் ஸ்கோர் புத்தகத்தைக் கூட்டி முடிக்கச் சொல்லுங்கள். மயிலைக்காரர் சொன்ன அந்த இரண்டு மொத்தமும் ஒத்துப்போகும் வரை. கைக்கு வேலை இருந்தால் அழுகை அடங்கும். கூட்டும்போதே தன் அணி எங்கே விட்டது என்று கண்ணில் படும்: 7 முதல் 12 ஓவர் வரை 31 ரன்தான், வைடில் மட்டும் 11 போயிருக்கிறது, இப்படி. "அம்பயர் ஏமாத்திட்டார்" என்ற பேச்சுக்கு இடமே இருக்காது.

எதிரணி நன்றாக ஆடினால் கைதட்டப் பழக்குங்கள். சேப்பாக்கத்துக்கு அதில் ஒரு பேர் உண்டு. 1999 ஜனவரி 31, பாகிஸ்தானோடு டெஸ்ட். 271 ரன் இலக்கு, 82க்கு ஐந்து விக்கெட் போன பிறகு முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 அடித்தார். அவர் அவுட்டானதும் மிச்சம் மளமளவென்று சரிந்து 258க்கு ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வர, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் காட்சிப் பதிவைத் தாத்தாவோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

அணியை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். குடும்பத்தோடு சேர்ந்து கத்த தமிழ்நாடு அணி இருக்கிறது, இந்திய அணி இருக்கிறது. மதுரைப் பெண் கமலினி பதினாறு வயதில் மகளிர் ஐபிஎல் ஏலத்தில் ரூ.1.6 கோடிக்குப் போனார், 2025இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். உங்கள் மகள் வயதுக்கும் அவர் வயதுக்கும் தூரம் அதிகமில்லை. இந்தப் பெயர்களையும் வீட்டுப் பேச்சில் கொண்டு வாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கோப்பை ஜெயித்த கொண்டாட்டம், வீரர்களைப் பார்க்கும் ஊர்வலம், இவற்றுக்குக் குழந்தையோடு போகவே வேண்டாம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். மேட்ச்சுக்கு டிக்கெட், சீட், கேட் என்று ஒரு கணக்கு இருக்கும். இலவசக் கொண்டாட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கே இருக்காது. "எல்லாரும் போறாங்க" என்று எவ்வளவு அழுதாலும் டிவியில்தான்.

இன்னும் இரண்டு வருடத்தில் கையில் போன் வரும். அப்போது எதிரணி ரசிகர்களையும் வீரர்களின் வீட்டாரையும் கேவலமாகப் பேசும் பக்கங்கள் முதலில் வரும், "இன்னைக்கு யார் ஜெயிப்பாங்க, உறுதி" என்று ஆள் பிடிக்கும் குழுக்கள் அப்புறம் வரும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்களும் குழுக்களும் வேறு பெயரில் வரும். கணிப்பது நல்ல விளையாட்டு, அதைப் பென்சிலில் எழுதி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இப்போதிருந்தே பழக்கினால் அப்போது சொல்வது எளிது.

---

மயிலை_ஸ்கோரர்

நெட் ரன் ரேட் இப்படி. புள்ளி சமமான அணிகளில் யார் மேலே என்று பார்க்கும் கணக்கு இது. நாம் ஓர் ஓவருக்கு எடுத்த சராசரி ரன்னிலிருந்து, எதிரணிக்குக் கொடுத்த சராசரியைக் கழிக்க வேண்டும். சீசன் முழுக்க மொத்த ரன், மொத்த ஓவர் கூட்டித்தான் வகுக்க வேண்டும். ஒவ்வொரு மேட்ச்சின் விடையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் தப்பு.

நம் அணி 20 ஓவரில் 180, அதாவது 9.00. எதிரணி 17.3 ஓவரில் 150க்கு ஆல் அவுட். ஆல் அவுட் என்றால் முழு 20 ஓவராகத்தான் எடுக்க வேண்டும், ஆகவே 7.50. நெட் ரன் ரேட் +1.50. இதை மறந்து 17 ஓவர் 3 பந்தால் வகுத்தால் 8.57 வரும், கணக்கு கெட்டுவிடும். அடுத்த பள்ளம் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண். 17.3 என்பது 17 ஓவர் 3 பந்து. ஒரு ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே வகுக்கும்போது 17.5. தசமம் என்று நினைத்து இங்கே கட்டாயம் இடறுவாள். ஆறு பந்தையும் ஒரு கோட்டில் வரைந்து பாதி எங்கே என்று காட்டுங்கள்.

அவள் அணிக்கே நல்ல உதாரணம் இருக்கிறது. 2024 மே 18, பெங்களூரு. ஆர்சிபி 218/5. சிஎஸ்கே ஜெயிக்க 219 வேண்டும், ஆனால் தோற்றாலும் 201 எடுத்துவிட்டால் நெட் ரன் ரேட்டில் அடுத்த சுற்று. அதாவது ஆர்சிபி 18 ரன் வித்தியாசத்திலாவது ஜெயிக்க வேண்டும். கடைசி ஓவரில் அந்த 201க்கு 17 தேவை, ஆர்சிபியின் யஷ் தயாள் போட்ட முதல் பந்தில் தோனி சிக்ஸர், அடுத்த பந்தில் அவுட். சிஎஸ்கே 191/7, ஆர்சிபி 27 ரன்னில் ஜெயித்து உள்ளே போனது. ஒரே ஓவரில் இரண்டு இலக்கு ஓடியதை அவளே எழுதிப் பார்க்கட்டும். உங்கள் வீட்டாருக்கு அந்த ஓவரை மறுபடி பார்ப்பது கஷ்டம்தான், மகளுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

ஓய்வுபெற்ற_பி.டி_வாத்தியார்

பேட் கேட்டதை எல்லோரும் விட்டுவிட்டோம். பெரிதாக வாங்கினால் வளர்ந்தபின் ஆகும் என்று நினைக்காதீர்கள். கனமான பேட்டைத் தூக்க முடியாமல் கீழ்க்கையால் இழுத்து, எல்லாப் பந்தையும் லெக் பக்கமே தள்ளுவாள். அந்தப் பழக்கம் பின்னால் போகவே போகாது. உயரம் 130 முதல் 137 செ.மீ. என்றால் இரண்டாம் எண், அதற்கு மேல் 145 வரை மூன்றாம் எண், கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பிடியின் மேல் நுனியை மேல்கையால் மட்டும் பிடித்து, பேட்டை நேரே நீட்டி, பத்துப் பதினைந்து விநாடி நிறுத்தச் சொல்லுங்கள். நுனி தாழ்ந்தால் அந்தப் பேட் வேண்டாம், எண் சரியாக இருந்தாலும் சரி.

டென்னிஸ் பந்திலேயே இன்னும் ஒரு வருடம் ஆடட்டும். 22 கெஜம் வேண்டாம், 16 கெஜம் போதும், அப்போதுதான் நேராகப் போட வரும். லெதர் பந்துக்குப் போகும்போது 13 வயதுக்குட்பட்டோருக்கான சின்னப் பந்தைக் கேட்டு வாங்குங்கள். 133 முதல் 144 கிராம் இருக்கும், ஆண்கள் ஆடுவது 156 முதல் 163 கிராம். கடைக்காரர் பேசாமல் பெரிய பந்தையே எடுத்துக் கொடுப்பார், உறையில் எடையைப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பந்தைத் தொட்ட முதல் நாளிலிருந்தே ஹெல்மெட், கால் பேடு, கையுறை. வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் தூக்கிப் போட்டு ஆடினாலும் சரி, ஹெல்மெட் இல்லாமல் லெதர் பந்து கிடையாது.